பகலில் எரியும் விளக்கு

2019 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தங்கையைப் பார்க்கக் கனடாவுக்குப் போயிருந்தேன். ரொறன்ரோவில் இறங்கிய மறுநாள் அவள் என்னைத் தன் காரில் கடைக்குக் கூட்டிப் போனாள். நேரம் மதியம் பன்னிரண்டு மணி. எதிரே வந்த வாகனமெல்லாம் முன்விளக்கை எரியவிட்டபடி வந்துகொண்டிருந்தன.

எங்கள் ஊரில் பகலில் ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் லைற் எரிந்தால், எதிரே வருபவர் கையைத் தூக்கி விரல்களை விரித்து மூடிக் காட்டுவார் அல்லவா? அந்தப் பழக்கத்தில் என் கையும் தானாகவே எழுந்துவிட்டது.

"என்னக்கா செய்யிறியள்?"

"லைற் எரியுதடி. பற்றரி இறங்கிப் போயிடும். சொல்ல வேண்டாமோ?"

தங்கை சிரித்தாள். "இஞ்சை எல்லாருக்கும் அப்பிடித்தான். எங்கடை காரிலையும் எரியுது. காரை ஸ்ராட் பண்ணினால் அது தன்ரைபாட்டுக்கு எரியும். சட்டம் அப்பிடி."

சிரித்தவள் சிறிது நேரம் பேசாமல் காரை ஓட்டினாள். பிறகு சொன்னாள்: "வந்த புதிதிலை நான் இதை நிப்பாட்டிறதுக்கு எவ்வளவு பாடுபட்டனான் தெரியுமோ?"

அன்று அவள் சொன்ன கதையையும், அதற்குப் பின் இந்த விளக்குகளைப் பற்றி நான் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் சகோதரிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இன்று எங்கள் பகுதிகளிலும் பெண்கள் ஸ்கூட்டி ஓட்டுகிறோம், ஓட்டோ ஓட்டுகிறோம், பாடசாலைப் பிள்ளைகளை வானில் ஏற்றி இறக்குகிறோம். ஆகவே இது கனடாவுக்கு மட்டும் உரிய கதை அல்ல.

வெளிச்சத்துக்குப் பயந்த காலம்

யுத்த காலத்தில் வெளிச்சம் எங்களுக்குப் பகையாக இருந்தது. வானத்தில் இரைச்சல் கேட்டால் முதலில் விளக்கைத்தான் அணைத்தோம். மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில், ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு ஏற்றிய சின்ன விளக்கைக்கூட யன்னலுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தோம். பிற்காலத்தில் இரவுச் சோதனைச் சாவடிகளில், முன்விளக்கை அணைத்துவிட்டு வாகனத்தின் உள்விளக்கைப் போட வேண்டியிருந்தது. முன்னால் இருப்பதை நாங்கள் பார்க்கக் கூடாது, எங்களை மற்றவர்கள் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அடிவயிறு கலங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

என் தங்கை 1993 இல், ஒரு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்தவள். பிள்ளையின் வைத்தியத்துக்காகக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. "ஒருத்தரும் நெருப்புக்குச்சிகூடத் தட்டக்கூடாது" என்று படகோட்டி முதலிலேயே சொல்லிவிட்டாராம். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தபோது படகில் இருந்த எல்லோரும் குனிந்துகொண்டார்கள். தங்கை பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பின்பு கணவரையும் இழந்து, 2000 ஆம் ஆண்டில் அந்தப் பிள்ளையோடு கனடா போய்ச் சேர்ந்தாள். தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. 2006 இல் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய காரை வாங்கினாள். அந்தக் காரில் அவளுக்குப் பிடிக்காத விடயம் ஒன்றே ஒன்றுதான். பகலிலும் அதன் முன்விளக்குகள் எரிந்தன. அணைப்பதற்கு ஆளி இல்லை.

"றோட்டிலை போற எல்லாரும் என்னையே பாக்கிற மாதிரி இருக்கும், அக்கா. கை வேர்க்கும். இதை ஆருக்குச் சொல்லுறது? சொன்னால் விசர் எண்டுவினம்."

அது விசர் அல்ல. எங்களில் எத்தனையோ பேர் இன்றும் பட்டாசுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறோம். உடம்பு பழகிக்கொண்ட பயம் ஊர் மாறினாலும் கூடவே வரும்.

எதற்காக இந்த விளக்கு?

இரவில் நாங்கள் போடும் முன்விளக்கு பாதையை நாங்கள் பார்ப்பதற்கு. பகலில் எரியும் விளக்கோ எங்களை மற்றவர்கள் பார்ப்பதற்கு. இரண்டுக்கும் நோக்கம் வேறு.

சூரியன் தாழ்வாக நிற்கும் வடநாடுகளில்தான் இது தொடங்கியது. பின்லாந்து 1972 இல், குளிர்காலத்தில் ஊர்ப்புறங்களுக்கு வெளியே உள்ள வீதிகளில் பகலிலும் விளக்குப் போட வேண்டும் என்று விதித்தது. சுவீடன் 1977 இல் ஆண்டு முழுவதற்கும் அதைக் கட்டாயமாக்கியது. நோர்வே, ஐஸ்லாந்து, டென்மார்க் ஆகிய நாடுகள் அதைத் தொடர்ந்தன. கனடாவில் 1989 டிசம்பர் 1 ஆம் திகதிக்குப் பின் புதிதாக உற்பத்தியான கார்களில், இயந்திரம் இயங்கியதும் தானாக எரியும் பகல் விளக்கு இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பெப்ரவரியில் புதிய வகைக் கார்களுக்கும், 2012 ஓகஸ்ட்டில் புதிய வகை லொறிகளுக்கும் பஸ்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

காரணத்தைச் சூரியனை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். டிசம்பர் மாதக் கடைசியில் ரொறன்ரோவில் நடுப்பகலில்கூடச் சூரியன் அடிவானத்தில் இருந்து ஏறக்குறைய 23 பாகை உயரத்தில்தான் நிற்கும். பகல் பொழுதும் ஒன்பது மணித்தியாலம் மட்டுமே. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும். பனியும் மழையும் சேர்ந்த மங்கலான பகலில், சாம்பல் நிற வீதியில் வரும் சாம்பல் நிறக் கார் தூரத்தில் தெரியாது. இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், "ஏதோ வருகிறது" என்று கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

விளக்கை அணைத்த கதை

தங்கை முதலில் ஒரு கராஜுக்குப் போய்க் கேட்டாள். அங்கிருந்த மெக்கானிக் மறுத்துவிட்டார். சட்டப்படி காரில் இருக்க வேண்டிய பொருளைத் தான் கழற்ற முடியாது என்றும், வாகனத்தைப் பாதுகாப்புப் பரிசோதனைக்குக் கொண்டு போனால் இதையும் பார்ப்பார்கள் என்றும் சொன்னார்.

வேலை இடத்தில் ஒருவர் இன்னொரு வழி சொன்னார். பல கார்களில் கை பிறேக்கை இழுத்துவிட்டு இயந்திரத்தை இயக்கினால் பகல் விளக்கு எரியாது, பிறேக்கை விட்ட பிறகுதான் எரியும். ஆகவே பிறேக்கை ஒரேயொரு பல்லு மட்டும் இழுத்து வைத்துக்கொண்டு ஓடலாம் என்பது அவருடைய யோசனை. நல்லவேளை, தங்கை அதைச் செய்யவில்லை. அப்படி ஓடினால் பின்சில்லுகளின் பிறேக் உராய்ந்து சூடேறித் தேய்ந்து போகும். விளக்கை அணைக்கப் போய் பிறேக்கையே இழப்பதுதான் மிச்சம்.

கடைசியில் அறிந்தவர் ஒருவர், உருகிப் பெட்டியைத் திறந்து பகல் விளக்குக்குரிய உருகியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ஐந்து நிமிட வேலை. தங்கை அதைக் காசுப்பையின் சின்ன அறைக்குள் போட்டு வைத்தாள். அதன் பிறகு அவளுடைய கை வேர்க்கவில்லை.

ஏறக்குறைய இரண்டு வருடம் அப்படியே ஓடினாள். 2008 நவம்பரில் ஒரு மாலை நாலு மணியிருக்கும். மழைத் தூறல். மகளைப் பாடசாலையில் இருந்து ஏற்றி வந்துகொண்டிருந்தாள். இருட்டவில்லை என்பதால் விளக்குப் போடவில்லை. சந்தியில், எதிர்ப்புறம் இடப்பக்கம் திரும்பக் காத்து நின்ற கார் திடீரென்று குறுக்கே திரும்பியது. தங்கை பிறேக்கை அழுத்தினாள். ஈரத்தில் கார் வழுக்கிப் போய் மற்றக் காரின் பக்கத்தில் மோதி நின்றது.

மகளுக்குத் தோளில் கண்டல். வேறு பெரிய காயம் ஒருவருக்கும் இல்லை. மற்றக் காரில் இருந்து ஒரு வயதான பெண் நடுங்கியபடி இறங்கி வந்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "நான் உங்களைக் காணவில்லை. உண்மையாகவே நான் உங்களைக் காணவில்லை."

"அக்கா, ஒருத்தற்றை கண்ணிலையும் படக்கூடாது எண்டுதான் நான் அவ்வளவு காலமும் இருந்தனான். அண்டைக்கு அந்த மனிசி அப்பிடிச் சொல்லேக்கைதான் எனக்கு உறைச்சது. கிளாலியிலை என்னைக் காணாமல் விட்டதாலை பிள்ளை தப்பினாள். இஞ்சை என்னைக் காணாமல் விட்டதாலை பிள்ளை போகப் பாத்தாள்."

விளக்கு எரிந்திருந்தால் அந்த விபத்து நடந்தே இராது என்று அடித்துச் சொல்ல முடியாது. மழை, ஈர வீதி, அந்த அம்மாவின் வயது என்று பல காரணங்கள் இருந்தன. ஆனால் தன் கையால் செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டோம் என்பது தங்கைக்கு விளங்கியது. திருத்திய கார் கராஜில் இருந்து வந்த அன்றே காசுப்பையில் கிடந்த உருகியை எடுத்து மாட்டினாள். பயத்துக்கு மருந்து விளக்கை அணைப்பதல்ல என்று கண்டு, தமிழ் தெரிந்த உளவள ஆலோசகர் ஒருவரிடம் சில மாதங்கள் போய்ப் பேசினாள். அதையும் என்னிடம் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னாள்.

எல்லோரும் ஒப்புக்கொண்ட விடயமா?

இல்லை. இதில் வாதப் பிரதிவாதங்கள் உண்டு. ஒஸ்திரியா 2005 நவம்பரில் பகலிலும் விளக்குப் போடுவதைக் கட்டாயமாக்கி, 2008 ஜனவரியில் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது. எல்லாக் கார்களும் விளக்கோடு வந்தால், விளக்கில்லாத சைக்கிள்காரரும் பாதசாரிகளும் கண்ணில் படாமல் போவார்கள் என்ற கவலை அங்கே எழுந்தது. அமெரிக்கா 1993 இல் இவ்விளக்குகளை அனுமதித்ததே தவிரக் கட்டாயமாக்கவில்லை. மொத்தத்தில் விபத்துகள் குறைந்ததாக அந்நாட்டு ஆய்வில் உறுதியாகத் தெரியவில்லை. கட்டாயமாக்கும்படி கேட்ட விண்ணப்பம் ஒன்றையும் அரசு 2009 இல் நிராகரித்தது.

இன்னொரு பொறியும் உண்டு. பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது முன்பக்கம் மட்டுமே எரியும். பின்பக்கச் சிவப்பு விளக்கு எரியாது. நகரத்து வீதி வெளிச்சத்தில், முன்னால் வெளிச்சம் தெரிவதையும் டாஷ்போர்ட் ஒளிர்வதையும் பார்த்த சாரதி, தான் விளக்குப் போட்டுவிட்டதாகவே நினைத்து இரவில் ஓடுவார். பின்னால் வருபவருக்கு அந்தக் கார் தெரியவே தெரியாது. கனடாவில் இதைப் "பேய்க் கார்" என்று சொல்வார்கள். இதைத் தடுக்க, 2021 செப்டெம்பரில் இருந்து அங்கே விற்பனைக்கு வரும் புதிய கார்களுக்கு மூன்று வழிகளில் ஒன்று கட்டாயமானது. பகல் விளக்கோடு பின்விளக்கும் எரிய வேண்டும். அல்லது இருட்டியதும் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும். அல்லது விளக்குப் போடும்வரை டாஷ்போர்ட் இருட்டாகவே இருக்க வேண்டும்.

எங்கள் வீதிகளில்

எங்கள் நாட்டில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் இருந்து வந்தவை. ஜப்பான் 2016 ஒக்ரோபரில்தான் பகல் விளக்குக்கென்று தனியான விதியை ஏற்றுக்கொண்டது. ஆகவே அதற்கு முந்திய கார்கள் பலவற்றில் இந்த விளக்கு இல்லை. ஸ்கூட்டிகளின் கதை வேறு. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முன்விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்று விதி வந்தது. மலேசியாவில் மோட்டார் சைக்கிள்கள் பகலில் விளக்கோடு ஓட வேண்டும் என்ற விதி 1992 இலேயே வந்துவிட்டது. வெயில் நாடான அங்கேயே இது தேவைப்பட்டது ஏனென்றால், காரைவிட மோட்டார் சைக்கிள் உருவத்தில் சிறியது, கண்ணுக்கு எளிதில் தப்பிவிடும்.

ஆகவே உங்களுடைய ஸ்கூட்டியின் லைற் பகலில் எரிகிறது என்று யாராவது கையைக் காட்டினால் பதற்றப்பட வேண்டாம். அது பழுது அல்ல. இயந்திரம் ஓடும்போது பற்றரிக்கு மின்னேற்றமும் நடக்கிறது. அதனால் பற்றரி இறங்கிவிடும் என்று பயப்படவும் தேவையில்லை.

காரிலோ வானிலோ ஓட்டோவிலோ பகல் விளக்குப் பூட்ட நினைக்கும் சகோதரிகள் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

நிறம் வெள்ளையாக இருக்கட்டும். நீலமும் சிவப்பும் அம்புலன்ஸ், பொலிஸ் வாகனங்களின் நிறங்கள். மின்னி மின்னி எரிபவையும் வேண்டாம்.

உயரமும் இடைவெளியும் முக்கியம். ஐக்கிய நாடுகளின் வாகன விதிப்படி, விளக்கு நிலத்தில் இருந்து 250 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் 1500 மில்லிமீற்றருக்குக் கூடாமலும் இருக்க வேண்டும். இரண்டு விளக்குகளுக்கும் இடையில் 600 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். 1300 மில்லிமீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள வாகனமென்றால் 400 போதும். இடைவெளி மிகக் குறைந்தால், தூரத்தில் வருபவர் காரை மோட்டார் சைக்கிள் என்று நினைத்துவிடுவார்.

முன்விளக்கைப் போட்டதும் பகல் விளக்கு தானாக அணைய வேண்டும். இதற்கென்று ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி விளக்கோடு சேர்ந்து வரும். அது இல்லாத மலிவான விளக்கு இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

முன்விளக்கின் வயரை வெட்டி அதிலேயே இணைக்க விடாதீர்கள். பற்றரியில் இருந்து தனி வயர், அதில் அளவான உருகி, சாவியைத் திறந்தால் மட்டும் மின் போகும் ஏற்பாடு என்று கேளுங்கள். உருகி இல்லாத வயர் உரசினால் தீப்பிடிக்கலாம். வேலை முடிந்ததும் காசு கொடுக்கும் முன் நின்று பாருங்கள். சாவியை மூடினால் விளக்கு அணைகிறதா? முன்விளக்கைப் போட்டால் பகல் விளக்கு அணைகிறதா? சிக்னல் விளக்கு மங்கலாகாமல் தெரிகிறதா? "பொம்பிளையளுக்கு உது விளங்காது" என்று சொல்லும் கராஜாக இருந்தால், வேறு கராஜுக்குப் போகலாம்.

செலவைப் பற்றி யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண ஹலோஜன் முன்விளக்கு ஒன்றுக்கு 55 வாற்று வேண்டும். இரண்டுக்கும் 110 வாற்று. எல்.ஈ.டி. பகல் விளக்கு இரண்டுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 20 வாற்றுக்கு மேல் தேவைப்படாது. இதற்கும் காசில்லை என்றால், மழையிலும் புழுதியிலும் பொழுதுபடும் வேளையிலும் இருக்கும் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பின்விளக்கும் சேர்ந்து எரியும் என்பதால் அது இன்னும் நல்லது.

பாடசாலை விட்டு நடந்து வரும் பிள்ளைகளுக்கும் வேலை முடிந்து சைக்கிளில் வரும் பெண்களுக்கும் இந்த விளக்கு எதுவும் இல்லை. அவர்களுக்கு வெளிர் நிறச் சட்டையும், சைக்கிளின் பின்னால் ஒரு சிவப்பு ஒளிதெறிப்பானும் வேண்டும். காரில் போகும் நாங்கள் விளக்கை எரிய விட்டுவிட்டோம் என்பதற்காக, அவர்களைத் தேடிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

விடைபெறும் நாளில்

நான் ஊருக்குத் திரும்பும் அன்று விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப் போனவள் தங்கையின் மகள். கிளாலியில் வாயைப் பொத்திப் பிடித்திருந்த அந்தப் பிள்ளைக்கு அப்போது 27 வயது. சொந்தக் கார் வைத்திருந்தாள். புறப்படும் முன் காரை இயக்கிவிட்டு, பனியில் இறங்கி முன்னாலும் பின்னாலும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குளிரில் எதற்கு இறங்குகிறாய் என்று கேட்டேன்.

"அம்மா பழக்கினது, பெரியம்மா. எல்லா லைற்றும் எரியுதோ எண்டு பாத்திட்டுத்தான் எடுக்க வேணும். பின்னாலையும் பாக்க வேணும்."

ஊருக்கு வந்தபின் நானும் அப்படித்தான் செய்கிறேன். ஸ்கூட்டியை இயக்கி, பின்விளக்கையும் பிறேக் விளக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் படலையைத் தாண்டுகிறேன். எதிரே வருபவர்கள் இன்னும் கையை விரித்து மூடிக் காட்டுகிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு, விளக்கு எரிந்தபடியே போகிறேன்.